கசினோவில் கேட்ட பிரெஞ்சு

2013இல் எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு மகள் பிரெஞ்சு கதைக்கிற குவாதலூப் தீவுக்கு டிக்கெட் எடுத்துத் தந்தாள். பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருக்கிற அவளுக்கு விமான நிலையத்தில் வேலை. கரீபியன் கடற்கரையில் ஒரு கிழமை, சாப்பாடும் சேர்ந்த ஹோட்டல். பாரிசில் லா சப்பல் பக்கம் தமிழ்க் கடையொன்றில் மரக்கறி நிறுத்துக் கொடுக்கிற எனக்கு, அதுவரை விடுமுறை என்றால் வீட்டுத் திரைச்சீலை தோய்க்கிற நாள்தான்.

இரண்டாம் நாளே கணவர் ஹோட்டலுக்குப் பக்கத்திலிருந்த சூதாட்ட மண்டபத்தை, கசினோவை, கண்டுபிடித்துவிட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், "ஒருக்காப் பாத்திட்டு வாறன். நீர் கடற்கரையிலை இரும்" என்று போனவர் பொழுதுபடத்தான் வந்தார். மூன்றாம் நாளும் அப்படித்தான்.

நான் சாய்வு நாற்காலியில் துவாயால் காலை மூடிக்கொண்டு இருந்தேன். சுற்றிவரச் சோடிகள் ஒருவர் முதுகில் ஒருவர் கிறீம் பூசினார்கள். பரிமாறுகிற பெண் வந்து ஏதோ கேட்பாள். எல்லாவற்றுக்கும் "வீ", ஓம் என்று தலையாட்டியதில் எனக்கு மூன்று கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீர் வந்து சேர்ந்தது. பாரிசில் இருபது வருடம் இருந்தும் என் பிரெஞ்சு அவ்வளவுதான். கடையில் எல்லாரும் தமிழ்.

கணவர் பிரெஞ்சு உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்பவர். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். கறியில் உப்புக் கூடினாலும் பேசாமல் சாப்பிட்டு எழும்பிவிடுவார்.

நான்காம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. உடுப்பு மாற்றிக்கொண்டு கசினோவுக்குப் போனேன். வாசலில் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார்கள். யன்னல் இல்லாத பெரிய மண்டபம். பொத்தானை அமத்தினால் படங்கள் சுற்றி நிற்கிற மெஷின்கள் வரிசையாக இருந்தன.

அவர் விளையாடவில்லை. மெஷினுக்கு முன்னால் ஒரு வயதான பிரெஞ்சுக்காரி இருந்தாள். இவர் பக்கத்துக் கதிரையில், அவளுடைய கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். அவர் அப்படிக் கதைத்து நான் கண்டதேயில்லை.

பின் வரிசையில் நின்று கேட்டேன். சில சொற்கள்தான் பிடிபட்டன. பனி என்றார். காடு என்றார். என் தம்பி என்றார். பிறகு, அவனுடைய கை என்று சொல்லித் தன் கையை விரித்துப் பார்த்தார். அவள் பொத்தானை அமத்துவதை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியிருந்தாள்.

எனக்கு முன்னம், களவாக எல்லைகள் தாண்டி வர, அவரும் தம்பியும் ஒன்றாகத்தான் ஊரிலிருந்து வெளிக்கிட்டார்கள். பாரிசுக்கு வந்து சேர்ந்தது அவர் மட்டும். பிறகு நான் இங்கே வந்த புதிதில் ஒருமுறை கேட்டேன். "அதைக் கேக்காதையும்" என்றார். நானும் கேட்கவில்லை.

கூப்பிடாமல் திரும்பி வந்து, செருப்போடு முழங்கால் அளவு கடலில் இறங்கி நின்றேன். அந்தக் கிழவியில் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பின்னேரம் சாப்பாட்டு மேசையில், "காசு வெண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"நாளைக்கும் போவியளோ?"

தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார்.

"போங்கோ" என்றேன்.

பாரிசுக்குத் திரும்பியதும் கடைக்குக் கிட்ட மார்க்ஸ் டோர்மோய் தெருப் பக்கம் ஒரு பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். "உமக்கு இப்ப என்னத்துக்கு?" என்று கணவர் கேட்டார். கடைக்கு வெள்ளைக்காரரும் வருகினம் என்று பொய் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த வசனத்தைப் பிரெஞ்சில் கேட்டேன்: உங்கடை தம்பிக்கு என்ன நடந்தது?

கத்தி நின்றது. முதலில் நான் பிழையாக உச்சரித்த ஒரு சொல்லைத் திருத்தினார். பிறகு, என்னைப் பார்க்காமல், பிரெஞ்சிலேயே சொல்லத் தொடங்கினார். தண்ணீர்க் குழாய் திறந்தபடி இருந்தது. நெடுநேரம் சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. தமிழில் சொல்லுங்கோ என்று இடையில் கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில், தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.