தேதி போடச் சொன்ன டைம் ஆபீஸ் பாய்

டைம் ஆபீஸ் பாய் மௌத்தாகிவிட்டார். நேற்றுக் காலை, மில்லில் என்னோடு வைண்டிங்கில் நூல் சுற்றிய பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வரி... கீழே வரிசையாக அழுகிற பொம்மைகள்.

மாரடைப்பு என்றார்கள். பத்து நாளாக மெடிக்கல் லீவில் இருந்தாராம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். (பெயர் கேட்டு கமெண்ட் போடாதீர்கள்.) யார் எப்போது வந்தார், எத்தனை லீவு என்று எல்லாம் எழுதுகிறவர் பாய். நாங்கள் வைத்த பெயர் சிசிடிவி.

அவரை நான் ஒரு நாளும் முழுசாக நம்பியதில்லை. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்பீர்கள்... பொய்யாக எழுத எனக்கு வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று. எங்கள் மில்லில் மெஷினைக் காட்டுவதற்கு முன்பே வெள்ளைத்தாளை நீட்டிவிடுவார்கள். ஒன்றுமே எழுதாத தாள், அடியில் கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

போட்டேன். பாய் தாளை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"பேரு மட்டும் போட்டா எப்படிம்மா? பக்கத்துல இன்னைக்குத் தேதிய உன் கையால எழுது."

முதலாளிக்கு எம்புட்டு விசுவாசம் பாரு என்று நினைத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன்.

நாலு வருஷம் கழித்து எனக்கு ஐந்தாம் மாசம். வயிறு தெரிந்தால் ஏதாவது சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் டீ டயத்தில் பாய் மெதுவாகச் சொன்னார். "பிரசவ லீவு சட்டத்துலயே உண்டும்மா. எழுதிக் குடு. பொறவு ஒரு காப்பியில சீல் வாங்கி வீட்டுல வச்சுக்க."

இவருக்கு எப்படித் தெரிந்தது? என் வாயைக் கிண்டி மேலே போய்ச் சொல்லவா? பயந்துகொண்டேதான் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். "நீங்கதான் ரிசைன் பண்ணிட்டீங்களே."

லேபர் ஆபீசில் புகார் கொடுத்தேன். மில்காரர்கள் கொண்டுவந்து நீட்டினார்கள், என் ராஜினாமா கடிதத்தை. நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, குடும்பச் சூழ்நிலையால் விலகுகிறேன் என்று மேலே டைப் அடித்திருந்தது. கீழே என் கையெழுத்து.

மில்லில் எல்லா லெட்டரும் டைப் அடிப்பது பாய்தான். சிசிடிவி கடைசியில் வேலையைக் காட்டிவிட்டான் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆபீசர் அம்மா கடிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஏம்மா, வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே ராஜினாமா பண்ணிட்டியா?"

கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கோழிக்கிறுக்கலில் தேதி. நான் சேர்ந்த தேதி.

லீவும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு.

பிறகு ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மறித்துக் கேட்டேன். "தேதி இருக்குன்னு தெரிஞ்சுதான பாய் அந்தத் தாள்ல அடிச்சீக?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் கண்ணு மங்கல்ம்மா. கவனிக்கல."

ஒரு நிமிஷம் லேட்டாக வந்தால் கேட்டிலிருந்தே கண்டுபிடிக்கிற மனுஷன்... கவனிக்கலையாம். அப்போதும் நான் நம்பவில்லை.

இன்று வன்னியம்பட்டியிலிருந்து பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். அடக்கம் முடிந்து ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை. வாசலில் ஒரு பைக், ஒரு ஃபைல், மில்லின் ஹெச்.ஆர். புது ஆள், என்னைத் தெரியாது.

பாயின் மனைவி பாயம்மா இத்தாவில் இருக்கிறார். கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அதனால் ஹெச்.ஆர். என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், உள்ளதான போறீங்க? அந்தம்மாகிட்ட ஒரே ஒரு சைன் வாங்கிக் குடுங்க. சும்மா ஃபார்மாலிட்டி."

ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நடையிலேயே நின்று படித்தேன்.

என் கணவர் போன மாதமே தாமாக வேலையை விட்டுவிட்டார், நிறுவனத்தின் மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை... இப்படிப் போகிறது. வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்குச் சட்டப்படி உள்ளதெல்லாம் அந்த ஒரு கையெழுத்தோடு போய்விடும். தேதி இடத்தில் வெறும் புள்ளிகள்.

பாயம்மாவிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அழுது வீங்கிய கண்ணோடு ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"போன மாசமே விட்டாவளா? போன வாரந்தான மெடிக்கல் லீவு லெட்டர நான் மில்லுல குடுத்துட்டு, காப்பியில சீல் வாங்கியாந்தேன். அவியதான் வாங்கியாரச் சொன்னாவ."

அப்புறம் புள்ளிகளின் மேல் விரலை வைத்தார். "தேதி எங்கம்மா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இத்தா முடியட்டும். நாலு மாசம் பத்து நாள் கழிச்சு நானே பேசிக்கிடுதேன்னு சொல்லு. தாளு இங்கனயே இருக்கட்டும்."

வாசலுக்கு வந்து சொன்னேன். ஹெச்.ஆர். முகம் போன போக்கு... "சரி சிஸ்டர், பேப்பரையாவது திருப்பி வாங்கிக் குடுங்க."

"அது பாயம்மா கையில இருக்கு சார். நீங்களே உள்ள போயி வாங்கிக்கிடுதீங்களா?"

நிலைப்படியை ஒரு தடவை பார்த்தார். பிறகு பைக்கை உதைத்துக் கிளம்பினார்.

இதையெல்லாம் வெளியில் எழுதலாமா என்று பாயம்மாவிடம் போனில் கேட்டேன். "எழுது. தேதி போட்டு எழுது" என்றார்.

பாய்... கவனிக்கவில்லை என்று நீங்கள் சொன்னதை நான் இன்றைக்கும் நம்பவில்லை.

போய் வாருங்கள். தேதியை ஃபேஸ்புக்கே போட்டுவிடும்.