பத்திஸ்தேனின் இரும்புக் குண்டு

பிரான்சின் தென்கடற்கரையில், எங்கள் சேன்-ரஃபேலில் கடற்படைக்காகச் செய்துபார்த்த அந்த மிதவை விமானம் மேலே ஏறினால், கடலுக்கு அக்கரையிலுள்ள அல்ஜியர்ஸில் எவன் வெங்காயம் உரிக்கிறான் என்பதுகூடத் தெரியும். நானே ஏறிப் பார்த்தவன்.

அதைக் கடலுக்குள் இழுத்துச் செல்வது படகுக்காரர் பத்திஸ்தேனின் வேலை. இறக்கைத் துணி கிழிந்துவிடும் என்று கத்தி, கோடரி எதையும் படகில் ஏற்ற விடமாட்டார்கள்.

முதல் ஓட்டத்திலேயே மிஸ்திரால் காற்று விமானத்தைச் சாய்த்தது. அதன் மூக்கில் சுற்றிய சுழலி, படகின் முனையையும் பத்திஸ்தேனின் இரண்டு விரல்களையும் சேர்த்துச் சீவியது. கவிழ்ந்த விமானத்தின் கண்ணாடிக்குள் விமானி கெவெக் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“விமானத்த உடைச்சிராதய்யா, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு,” என்று பின்படகிலிருந்து பொறியாளர் அலறினார்.

“இவனும் ஒண்ணுதான்யா இருக்கான்,” என்றார் பத்திஸ்தேன்.

அவர் பையில், மண்தரையில் எறிந்து பெத்தாங் ஆடும் இரும்புக் குண்டு கிடந்தது. அதை எடுத்து ஓங்கி அடித்தார். கண்ணாடியோடு கெவெக்கின் தாடையும் உடைந்தது. ரத்தம் கொட்டக் கொட்ட, முடியைப் பிடித்து அவனை வெளியே இழுத்தார். விமானம் மூழ்கியது, இன்னொன்றை யாரும் செய்யவில்லை.

இதைப் படித்துக் காட்டியதும் பத்திஸ்தேன் வெட்டுப்பட்ட கையில் மிச்சமிருந்த மூன்று விரல்களால் என் காதைத் திருகினார்.

“மொத ஓட்டத்துலயே முங்கிருச்சுன்னு நீயே எழுதிருக்க. அப்புறம் எதுலடா ஏறி வெங்காயத்தப் பாத்த?”