மூக்கடைப்புக்கு மூன்று தைலங்கள்

எங்கள் வீட்டில் யாருக்காவது மூக்கு அடைத்துக்கொண்டால் அது அவருடைய மூக்கு அல்ல, குடும்பச் சொத்து. ஆளாளுக்கு அதில் பங்கு உண்டு, ஆளாளுக்கு ஒரு தைலமும் உண்டு. மூக்குக்குச் சொந்தக்காரரை மட்டும் யாரும் கலந்து பேசுவதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். அப்பா, அம்மா, எங்களோடேயே தங்கிவிட்ட அப்பாவின் அக்கா, நான். பி.ஏ. முடித்துவிட்டு 'வரன் பார்க்கப்படும் பெண்' என்ற உத்தியோகத்தில் இருந்தேன். அந்த உத்தியோகம் எனக்குப் பிடிக்கவில்லை. கடற்கரைச் சாலை வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்கு வீட்டுக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டேன். குரல் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பெரிய ரகளைக்குப் பிறகு அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

"ஒரே ஒரு தரம் போய்ட்டு வா. கெடைச்சா பார்த்துக்கலாம். கெடைக்கலேன்னா அதோட விட்டுடணும். தை பொறந்ததும் பொண் பார்க்க வரச் சொல்லிடுவேன். அப்பறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப்படாது."

உடனே ஒப்புக்கொண்டேன். என் குரல்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. குரல் வருகிற வழியில் மூக்கு என்று ஒன்று இருப்பதை யோசிக்கவில்லை.

அது மார்கழி. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு கோயிலுக்குப் போனால் நல்ல கணவன் கிடைப்பான் என்பது அம்மாவின் ஏற்பாடு. கணவனுக்கு முன்னால் சைனஸ் வந்து சேர்ந்தது. சைனஸ் என்பது டாக்டர் வைத்த பெயர். வீட்டில் அதற்குப் பெயர் 'தலையில நீர் கோத்துண்டுடுத்து'. புருவத்துக்கு மேல் கல்லை ஏற்றி வைத்த மாதிரி கனம். குனிந்தால் விண்விண்ணென்று தெறிக்கும். வாயைத் திறந்து 'மழை' என்றால் 'பழை' என்று வந்தது. இதை வைத்துக்கொண்டு நான் ஊருக்கெல்லாம் வானிலை சொல்ல வேண்டும். தேர்வுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

தைலங்கள் வெளியே வந்தன. அத்தையிடம் நீலகிரித் தைலம். கோடை விடுமுறையில் ஊட்டிக்குப் போகிறவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சீசா வாங்கி வருவது அந்த நாள் வழக்கம். ஊட்டியையே பார்த்திராத அத்தையின் அலமாரியில் தைல சீசாக்கள் வரிசைகட்டி நின்றன. கொதிக்கிற தண்ணீரில் சில சொட்டு விட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேது பிடிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அப்பாவின் கட்சி வேறு. கச்சேரி ரோடு நாட்டு மருந்துக் கடையில் கற்பூரம், ஓம உப்பு, புதினா உப்பு மூன்றையும் வாங்கி வந்து சீசாவில் போட்டுக் குலுக்கினார். மூன்றும் தாமே உருகித் தைலமாயின. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ரசித்துவிட்டு, அப்படியே என் மூக்கடியில் தடவினார். தோல் பற்றி எரிந்தது. "எரியறதுன்னா வேலை செய்யறதுன்னு அர்த்தம்" என்றார். அம்மாவுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. மிளகும் சுக்கும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை என் உச்சந்தலையில் வைத்து அரக்கித் தேய்த்தாள்.

ஒருவர் தைலம் செய்த கெடுதலைப் போக்கத்தான் தன் தைலம் என்று அடுத்தவர் வந்தார். "நன்னா இளகிண்டிருந்ததை உங்கப்பன் கெடுத்துட்டான்" என்பாள் அத்தை. "ஆவியைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் இன்னும் கோத்துக்கறது" என்பார் அப்பா. வேது பிடித்த பித்தளைத் தவலையிலேயே மறுநாள் காபிக்கு வெந்நீர் வைத்துத் தொலைத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். மூக்கு அடைத்திருந்த எனக்கு மட்டும் அது காபியாக இருந்தது.

தேர்வு நாள் காலையில் எழுந்தால் இரண்டு மூக்கும் சுவர் வைத்த மாதிரி இருந்தன. வேறு வழியில்லாமல் நானே அத்தையிடம் போய் நின்றேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தவலை வந்தது, கம்பளி வந்தது, வழக்கத்தைவிடத் தாராளமாகத் தைலம் விழுந்தது. கண் எரிய, வியர்வை ஒழுக, மூச்சு முட்டக் குனிந்துகொண்டிருந்தேன். திடீரென்று புருவத்துக்குள் ஏதோ விட்டுக்கொடுத்தது. வலது மூக்கு திறந்தது, பிறகு இடது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அத்தையைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்திருப்பேன். 'மழை' என்று சொல்லிப் பார்த்தேன். மழைதான் வந்தது.

புடவை மாற்றிக்கொண்டு வந்தால் அத்தை வாசற்படியை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எங்கடி கெளம்பிட்டே? வேது பிடிச்ச ஒடம்போட யாராவது காத்துல போவாளா? ஜன்னி வந்துடும்."

"அக்கா சொல்றது சரிதான். அதுவும் பீச் காத்து" என்றார் அப்பா.

"இன்னிக்கு ஆத்தை விட்டு அசையப்படாது" என்றாள் அம்மா. அத்தனை நாளும் ஒரு சொட்டு எண்ணெயில்கூட ஒத்துப்போகாத மூன்று பேரும் இதில் ஒரே கட்சியாகிவிட்டார்கள்.

"அப்பறம் எதுக்கு என்னை வேது பிடிக்க விட்டேள்?"

"மூக்கு தெறக்கத்தான்" என்றாள் அத்தை.

"மூக்கு எதுக்குத் தெறக்கணும்?"

"இதென்னடி கேள்வி?" என்றாள் அம்மா.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கத்தினேன். கத்தினால் தொண்டையும் போய்விடுமே என்று பாதியில் நிறுத்திக்கொண்டேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. டாக்ஸியில் போக வேண்டும், அப்பா கூட வருவார், தலையில் மப்ளர், அதன்மேல் சால்வை. காற்று காது வழியாகத்தான் தலைக்கு ஏறும் என்று சொல்லி, அத்தை பஞ்சைத் தைலத்தில் தோய்த்து இரண்டு காதிலும் ஆழமாக அமுக்கிவிட்டாள். கிளம்பினால் போதும் என்று காதைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

டாக்ஸியில் கண்ணாடிகளை அப்பா ஏற்றிவிட்டார். நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் கூறுபோட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வாடைகூட எங்கள் தைலத்தை மீறி உள்ளே வரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்து உரக்கக் கேட்டது பஞ்சையும் தாண்டி எனக்கு லேசாக எட்டியது.

"இன்னா சார், பொண்ணுக்கு ஒடம்பு சொகமில்லியா? ஆஸ்பத்திரிக்கா போணும்? கண்ணாடிய எறக்கு சார், கண்ணுல தண்ணி வந்துகினே கீது."

அப்பா இறக்கவில்லை. பதிலுக்குத் தன் தைலத்தைக் கைக்குட்டையில் விட்டு என்னிடம் நீட்டினார்.

நிலையத்தில் மப்ளரையும் சால்வையையும் கழற்றி அப்பாவிடம் கொடுத்தேன். காதின்மேல் முடியை இழுத்துச் சீவியிருந்ததால் பஞ்சு யார் கண்ணிலும் படவில்லை; பதற்றத்தில் என் நினைவிலும் இல்லை. உள்ளே அழைத்துப்போனவர் நாற்காலியைக் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் படிக்க ஆரம்பித்தேன். காதை அடைத்துக்கொண்டு பேசினால் சொந்தக் குரல் தலைக்குள் பெரிதாக முழங்கும் அல்லவா? என் குரல் அந்த அறையையே நிறைப்பதாக நினைத்து, அடக்கமாக இருக்கட்டும் என்று இன்னும் தணித்துப் படித்தேன். ஓர் எழுத்து பிசகவில்லை. இதைவிட நன்றாக நான் படித்ததே கிடையாது.

முடித்ததும் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். என் பக்கத்தில் வந்து நின்று பேசினார்.

"எத்தனை தடவை மைக்ல சொன்னேம்மா, சத்தமா படிங்கன்னு. நீங்க பாட்டுக்கு ரகசியம் சொல்ற மாதிரி படிச்சிட்டே இருக்கீங்களே. காது கேக்கலையா?"

அப்போதுதான் என் கை காதுக்குப் போனது. மஞ்சளாக ஊறிக்கிடந்த பஞ்சை எடுத்தேன். அறை முழுக்க வாசனை பரவியது. மறுபடி படிக்கட்டுமா என்று கேட்டேன். வெளியே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்றார். "ஒடம்பு தேறட்டும், அடுத்த தடவை பார்க்கலாம்." நல்ல மனிதர். எனக்கு அடுத்த தடவை கிடையாது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்குள் கால் வைத்ததும் அத்தை கேட்டாள், "மூக்கு எப்படி இருக்கு?"

"தெறந்துதான் இருக்கு."

"நான் சொன்னேனோல்லியோ? ஊட்டித் தைலம்னா சும்மாவா?"

கைக்குட்டைத் தைலம்தான் கடைசிவரை அடைக்காமல் காப்பாற்றியது என்றார் அப்பா. தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருந்தால் தெரிந்திருக்கும் சேதி என்றாள் அம்மா. மூன்று பேரும் மும்முரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னை எடுக்கலை" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினாள்.

"போனாப் போறது, விடு. மூக்கு சரியாப் போச்சே, அது போறும். தையில பொண் பார்க்க வரவா எதிர்ல மூக்கை உறிஞ்சிண்டு நிக்க வேண்டாமே."

அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். மூன்று முகங்களிலும் அப்படி ஒரு நிம்மதி. நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அழ அழ மூக்கு அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான், மூன்று பேரும் மூன்று பக்கமாகத் தைலம் எடுக்க ஓடினார்கள்.