மழைமானிக்குப் பெய்யாத மழை

கண்டிக் கிளைக்கு மாற்றலாகி வந்த மூன்றாவது மாதம் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு நீலக் கோப்பைக் கையில் தந்தார். எங்கள் காப்புறுதி நிறுவனத்தின் அந்தக் கிளையில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் வாகனப் பிரிவில் இருந்தேன். உடைந்த முன்விளக்கையும் நசுங்கிய கதவையும் பார்த்து நட்டத்தை மதிப்பிடுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அந்தக் கோப்பில் இருந்ததோ மழை.

“நாவலப்பிட்டிக்கு மேலே மரக்கறி செய்கிற பெண்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும்,” என்றார் அவர் சிங்களத்தில். “நட்டம் பார்க்க யாரும் போகத் தேவையில்லை. அதுதான் இதிலுள்ள புதுமை.”

ரயிலில் போகும்போது கோப்பை மூன்று தரம் வாசித்தேன். காலநிலை மாற்றத்தால் அடிபடுகிற நாடுகளுக்கென்று வெளிநாட்டில் ஒரு நிதியம் இருக்கிறது. கட்டணத்தில் பெரும்பங்கை அது கட்டும். மிச்சத்தை விவசாயி கட்டவேண்டும். ஊரில் ஓரிடத்தில் மழைமானி ஒன்று வைக்கப்படும். அடுத்தடுத்த இரண்டு நாட்களில் பெய்த மழை குறித்த எல்லையைத் தாண்டினால், பதிந்த எல்லோருடைய வங்கிக் கணக்குக்கும் பணம் தானாகப் போய்ச் சேரும். பயிர் அழிந்ததா, தப்பியதா என்று எவரும் கேட்கமாட்டார்கள். விபத்தைப் பார்க்காமலே விபத்துக்குப் பணம் கொடுப்பது எப்படி என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.

தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் பதினைந்து பெண்கள் வந்திருந்தார்கள். திட்டத்தை விளங்கப்படுத்தி முடித்தேன். பிறகு முன்வரிசைக் கதிரையில் இருந்த ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, தேயிலை பட்டுப்போன சரிவொன்றைக் குத்தகைக்கு எடுத்துப் போஞ்சியும் கறிமிளகாயும் செய்துவந்தவர்.

“மழைய யாரு மிஸ் அளக்குறது?”

“மழைமானி எண்டொரு கருவி அக்கா. கொழும்பிலை இருக்கிற கம்பியூட்டருக்கு அதுவே அனுப்பும்.”

“அது எங்க வச்சிருக்காங்க?”

“கீழை, பள்ளிக்கூடத்து வளவிலை.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம் மிஸ். அங்கிட்டு பேயிற மழ வேற, எங்க பக்கம் பேயிற மழ வேற. அங்க துணி காயும்போது நாங்க இங்க கொட புடிச்சிக்கிட்டு நிப்போம்.”

நான் அதை எழுதிக்கொண்டேன். கண்டிக்குத் திரும்பி முகாமையாளரிடமும் சொன்னேன். அவர் எடுத்துக் காட்டிய மழை வரைபடத்தில் அந்த முழுப் பகுதியும் ஒரே நிறத்தில் இருந்தது. “படம் தயாரித்தவர்கள் அறிவில்லாதவர்களா?” என்று கேட்டார். நான் கோப்பை மூடிக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன். ஐந்து பெண்கள் கட்டணம் கட்டினார்கள். அந்த அக்காவும் கட்டினார். அவ்வளவு கேட்டவர் ஏன் கட்டினார் என்று பின்னாளில் விசாரித்தேன். “நீங்க எழுதிக்கிட்டீங்களே, அதான்,” என்றார். அந்தப் பதில் என்னை இன்றும் உறுத்துகிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் விடிந்ததும் தொலைபேசி அடித்தது.

“மிஸ், மண்ணு சரிஞ்சிருச்சு. போஞ்சி பாத்தி அம்புட்டும் உள்ள போயிருச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. அந்தக் காசு எப்ப வரும்?”

“பொறுங்கோ அக்கா, பாத்துச் சொல்லுறன்.”

கம்பியூட்டரைத் திறந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்து மழைமானி காட்டிய அளவு எல்லையில் பாதியைக்கூட எட்டவில்லை. திரும்ப அழைத்தபோது அந்த அளவை நான் சொல்லவில்லை. “நான் நேரிலை வாறன்,” என்று மட்டும் சொன்னேன்.

நான் போன நாள் வெயில் எறித்தது. அக்காவின் சரிவில் மேற்பாதி சிவந்த மண்ணாகக் கிடந்தது. பந்தல் கம்புகள் சில மண்ணுக்கு வெளியே நுனி காட்டிக்கொண்டு நின்றன. அவர் அழவில்லை. கீழ்ப்பாதியில் மிஞ்சிய கறிமிளகாய்ச் செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

“கம்பியூட்டர்லெ என்னா சொல்லுது?”

“மழை எல்லைக்குக் காணாது எண்டு சொல்லுது அக்கா.”

அவர் கையை உதறிவிட்டு மண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அந்த மெஷினு ரிப்பேரா இருக்குமோ?”

அந்தக் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. வாகனப் பிரிவிலிருந்து வந்தவளுக்கு இயந்திரத்தைச் சோதிக்காமல் போக மனம் வராது. இரண்டு பேரும் மலைமுகட்டைக் கடந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்கினோம். காவலாளியிடம் சொல்லிவிட்டு வேலிக்குள் போனோம். மழைமானி ஒரு வாளி அளவுதான் இருந்தது. மேலே புனல். அதற்குள் இலை குப்பை எதுவும் அடைபட்டிருக்கவில்லை. என் கையில் ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. சற்றும் யோசிக்காமல் அதைப் புனலுக்குள் மெல்ல ஊற்றினேன். உள்ளே, சிறுவர் ஏறி விளையாடும் ஏற்ற இறக்கப் பலகை போல ஒரு சின்னக் கரண்டி இரண்டு பக்கமும் மாறிமாறிச் சாய்ந்து “டிக், டிக்” என்று எண்ணியது. போத்தல் முடிகிறவரை அது ஓயவில்லை.

“நல்லாத்தான் வேல செய்யுது,” என்றார் அக்கா. அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. பழுதாக இருந்திருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும்.

மறுநாள் காலை முகாமையாளர் முகம் சிவந்து என் மேசைக்கு வந்தார். கொழும்புத் தலைமையகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள்: நேற்றுப் பகல், வானத்தில் மேகமே இல்லாத நேரத்தில், உங்கள் மழைமானியில் மட்டும் அடைமழை பெய்தது எப்படி? அந்தச் சின்ன வாய்க்கு ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு நாள் பெருமழை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். விளக்கக் கடிதம் கேட்டார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். முதற்பக்கத்தில் செய்த பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் மலைமுகட்டையும், அதற்கு இரண்டு பக்கமும் வேறுவேறாகப் பெய்கிற மழையையும், சரிந்த போஞ்சிப் பாத்தியையும் பற்றி எழுதினேன்.

தண்டனையாக ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதோடு ஒரு கேள்வியும் வந்தது. இரண்டு பக்கமும் மழை வேறு என்பதற்கு ஏதாவது அளவு இருக்கிறதா?

அளவு இல்லை. அக்காவிடம் சொன்னேன்.

“எங்க லயத்து வீடுகள்ல பால்மா டின்னு நெறையக் கெடக்கு மிஸ்,” என்றார் அவர். “வெளியில வச்சா தண்ணி நிக்கும்தானே?”

காலையில் டின்னுக்குள் பிள்ளைகள் கோடு போடுகிற அடிமட்டத்தை விட்டு நீர் எத்தனை மில்லிமீற்றர் நிற்கிறது என்று பார்த்தால் போதும் என்றேன். அவர் சந்தேகப்பட்டார். பெரிய டின்னில் கூடுதலாகத் தண்ணீர் விழுமே, அப்போது கணக்குப் பிழைக்காதா? புத்தகத்தில் படித்த விடை எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அங்கேயே பார்த்துவிடலாம் என்று பெரிய டின் ஒன்றையும் சின்ன டின் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மழை விட்டதும் குனிந்து அளந்தோம். இரண்டிலும் ஒரே உயரம். அக்கா அடிமட்டத்தைத் திருப்பி வைத்து மறுபடி அளந்தார். “அட, வாயி பெருசா இருந்தா வயிறும் பெருசா இருக்குல்ல!” என்று சிரித்தார். அந்த விடையை நானும் அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை.

ஐந்து பெண்களும் அவரவர் பாத்தியில் ஒரு டின் வைத்தார்கள். ஒவ்வொரு காலையும் அளவு என் தொலைபேசிக்கு வந்தது. சில நாள் எண்ணோடு சேதியும் வரும்: “பூன டின்ன தட்டி விட்ருச்சு. இன்னிக்கு கணக்கு இல்ல.” இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடத்து அளவையும் இந்த அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். காற்று ஒரு திசையிலிருந்து அடிக்கும் நாட்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. திசை மாறும் நாட்களில் மலைக்கு இந்தப் பக்கம் இரண்டு மடங்கு பெய்திருந்தது.

தை மாதத்தில் அந்த நிதியத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். வெள்ளைக்காரர் ஒருவரை எதிர்பார்த்திருந்தோம். வந்தவர் கென்யாக்காரர். உயரமானவர். சரிவில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் மொழிபெயர்த்தேன். டின்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு தங்கள் ஊர்க் கதையைச் சொன்னார். அங்கே மழை பெய்யாவிட்டால்தான் பணம். ஆடுமாடு மேய்ப்பவர்களுக்குப் புல் காய்ந்துவிட்டதா என்று செய்மதி வானத்திலிருந்து பார்க்கும். ஒரு வருடம் நிலமெல்லாம் பச்சை என்று செய்மதி சொன்னது. பணம் வரவில்லை. மாடுகளோ செத்தன. போய்ப் பார்த்தால் அந்தப் பச்சை, மாடு வாய் வைக்காத ஒரு களைச்செடி.

அக்கா இதைக் கேட்டு மிகவும் வருத்தப்பட்டார். “பாவம், எத்தன மாடு செத்துச்சு?” என்று கேட்கச் சொன்னார். தன் தகப்பனுக்கு மட்டும் பதினேழு மாடு செத்ததாக வந்தவர் சொன்னார்.

“இது இவங்க ஊரு பணமா மிஸ்?”

இல்லை, எங்கள் நாடும் வாங்குகிற நாடுதான், அதிகம் புகை விட்ட நாடுகள்தான் கொடுக்கின்றன என்றார் அவர்.

“அப்ப அவங்க ஏன் வந்து பாக்கல?”

நான் அதையும் மொழிபெயர்த்தேன். எங்கள் முகாமையாளர் இருமினார். வந்தவர் அந்தக் கேள்வியை அப்படியே தன் குறிப்பேட்டில் எழுதினார். என்னை எழுத்துக்கூட்டச் சொல்லித் தமிழிலும் ஒருமுறை எழுதிப் பார்த்தார்.

போன ஐப்பசி நட்டத்துக்குப் பணம் கிடைக்கவில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்ற முடியாது என்று கொழும்பு சொல்லிவிட்டது. அதை அக்காவிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். “தெரியும் மிஸ்,” என்றார். அன்று எனக்குத் தேநீரைத் தந்துவிட்டு உடனே பாத்திக்குப் போய்விட்டார். இரண்டு பெண்கள் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் சித்திரைக்கு முன் இரண்டாவது மழைமானி ஒன்று வந்தது. அதை எங்கே வைப்பது என்று டின் கணக்கைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்கிற பிள்ளைக்காம்பராவின் முற்றத்தில் அதை நட்டார்கள். புனலுக்குள் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மூன்று மொழியில் அறிவித்தல் தொங்கியது. அது யாருக்கு எழுதியது என்று முகாமையாளர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த பெருமழையில் அந்தப் புதிய மழைமானியின் அளவு எல்லையைத் தாண்டியது. எவரும் என்னை அழைக்க முன்பே பணம் போய்விட்டது. அக்கா அதில் விதை வாங்கி, சரிவுக்குக் குறுக்கே கல் கட்ட ஆளும் பிடித்தார்.

அதற்கு மறுகிழமை, திட்டத்தில் மிஞ்சிய மூவரில் இன்னொருவர் கண்டிக் கிளைக்கு வந்தார். அறுபதை நெருங்கியவர். மூன்று பஸ் மாறி வந்திருந்தார். வங்கிப் புத்தகத்தை என் மேசையில் விரித்து வைத்தார்.

“தவறிப் போயி எனக்கும் காசு போட்டுட்டீங்க மிஸ். என் பாத்திக்கு ஒண்ணும் ஆகல. எங்க வீட்டுக்காரரு இருக்கும்போதே கல்லு கட்டி வச்சிட்டாரு.”

“தவறேல்லை அம்மா. உங்கட பாத்தியைப் பாத்துப் போட்ட காசில்லை. மழையை மட்டும் பாத்துப் போட்டது.”

“அப்ப ஒண்ணும் ஆகாதவளுக்கும் காசா?”

“ஓம். போன முறை நட்டப்பட்டவைக்கு வரேல்லை. இந்த முறை நட்டப்படாத உங்களுக்கு வந்திருக்கு.”

அவர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். காசைத் திருப்பிக் கொடுக்க நிரப்பித் தரும் பத்திரம் ஏதும் உண்டா என்று கேட்டார். அப்படி ஒரு பத்திரம் எங்களிடம் இல்லை. யாரும் அதை அச்சடிக்க நினைத்ததில்லை. நான் முகாமையாளரை அழைத்தேன். அவரும் வந்து சிங்களத்தில் அதையே சொன்னார். அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். இரண்டு மொழியிலும் ஒரே பதில் வந்ததும் புத்தகத்தை மடித்து இடுப்பில் செருகினார்.

“சரி, அவளுக்குக் கல்லு கட்ட ரெண்டு நாளு கூலி நான் குடுத்துர்றேன்,” என்றார், அந்த அக்காவை நினைத்து. பிறகு நாவலப்பிட்டி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நிற்குமிடம் வரை நானும் கூடப் போனேன்.