சுத்தபோசன நண்டு

சைகோனில் வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் சமையற்காரி பா ஹாய் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சந்தைக்குப் போவாள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன வேடிக்கை என்று தோன்றும். கத்தோலிக்கர்களான நமக்கு வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி ஆகாது, மீன் ஆகும். என்னோடு சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, ஒரே வீட்டில் குடியிருந்த காரைக்கால் சவரிமுத்து அண்ணன் இந்தச் சலுகையை முழுமனதோடு ஏற்றுக்கொண்டவர். பென்-தான் சந்தையின் கொழுத்த நண்டெல்லாம் அன்று எங்கள் சட்டியில்தான் கிடக்கும். பா ஹாயோ புத்தரைக் கும்பிடுகிறவள். பௌர்ணமியன்று கீரையும் சோயாக்கட்டியும்தான், மீன்சாற்றைக்கூடத் தொடமாட்டாள். முதல் வெள்ளியன்று அரைகுறை பிரெஞ்சில், "இன்னிக்கு உங்களுக்கு என்ன திருநாள், முசே?" என்று கேட்டாள். ஆசையை அடக்கும் ஒறுத்தல் நாள் என்று அண்ணன் விளக்கினார். அவள் நண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அப்படிப்பட்டவள், மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்தபின் எங்கள் கோவிலில் மாதா சுரூபத்தின் முன் வந்து உட்காரத் தொடங்கினாள். அந்தத் தாயும் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பது போதுமாயிருந்தது. வேதத்தில் சேர ஞானோபதேசம் படித்தாள். உயிர்த்த திருநாளான பாஸ்காவுக்கு ஞானஸ்நானம், அண்ணன்தான் ஞானத்தகப்பன் என்று முடிவாயிற்று. காரைக்காலில் சிலுவைப்பாதைக்கு முன்னின்று பாடுகிறவர் அண்ணன். "சவரிமுத்தப் பாத்துக் கத்துக்கடா" என்று அதே ஊரில் எங்கள் வீட்டில் என்னையே திட்டியிருக்கிறார்கள். அங்கே அவர் கோபத்தில் வீட்டுக்குள் போடும் சத்தம் வீட்டோடு போகும். இங்கே அதைக் கேட்கிறவளே வேதம் படிக்கிறவள். பாஸ்காவுக்கு முந்தின தபசுகால வெள்ளியொன்றில் சிலுவைப்பாதை முடித்து, கண் கலங்கி வீட்டுக்கு வந்தவர், நண்டில் மிளகு போதவில்லை என்று தட்டை வீசி உடைத்தார். பா ஹாய் ஓடுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"ஞானஸ்நானம் இப்ப வேணாம், முசே. சாமிய எனக்குப் புடிச்சிருக்கு. அவரு உங்கள என்ன பண்றாருன்னு ஒரு வருஷம் பாத்துட்டுச் சொல்றேன்."

அன்று பிடித்தது அண்ணனுக்குச் சனி. அவளும் லேசுப்பட்டவளில்லை. ஒருநாள் குழம்பில் உப்பே இல்லை. "அண்ணே, உப்பு..." என்று வாயெடுத்தேன். "பேசாமத் தின்னுடா, ஒரு ஆத்துமா போயிடும்!" என்று பல்லைக் கடித்தார். நண்டு நின்றது. பௌர்ணமிக்கு அவரும் சோயாக்கட்டி தின்றார். தொடக்கத்தில் அது அப்பட்டமான நடிப்பு. மழைக்காலம் முடிவதற்குள் எது நடிப்பு என்று எனக்கே தெரியாமல் போயிற்று. அவள் காய்ச்சலில் கிடந்தபோது, அடுப்பு ஊதத் தெரியாத மனிதர் கஞ்சி வைத்து, "உப்பு போதுமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

மறுவருடம் பாஸ்காவுக்கு முதல்நாள், பெரிய சனிக்கிழமை காலை, அவளுக்கு ஞானஸ்நானம். பசாசை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டார். பா ஹாய் தன் பாஷையில் மெல்லப் பதில் சொன்னாள். பக்கத்தில் தலைகுனிந்து நின்ற அண்ணன், யாரும் கேட்காமலே தமிழில், "விட்டுவிடுகிறேன்" என்றார். காரைக்காலில் ஞானஸ்நானத்தன்று கைக்குழந்தையாகக் கிடந்த அவருக்காக வேறு யாரோ சொன்ன பதில் அது. சொந்த வாயால் சொல்ல அவர் கடல்தாண்டி வரவேண்டியிருந்தது.