படியில் நிற்காதே, மனமே

பெரம்பலூரிலிருந்து அரியலூர், கீழப்பழுவூர் வழியாகத் திருமானூர் போகும் தனியார் பஸ்ஸில் அறிவரசன் பதினோரு வருடமாகக் கண்டக்டர். பஸ் வருவதற்கு முன்பே அவன் குரல் வந்துவிடும். அந்தக் குரலை வைத்து இன்னொரு சம்பாத்தியமும் பார்க்கலாம் என்று கண்டுபிடித்தவள் அவன் மனைவி மலர்க்கொடி. காக்கிச் சட்டையின் காலர் அழுக்கைக் கையால் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போனவள் அவள். வாஷிங்மெஷின் வாங்க வழி தேடிப் போனைக் குடைந்ததில், தூக்கம் வராதவர்களுக்கான ஆப் ஒன்று இதமான தமிழ்க் குரல் கேட்டிருந்தது.

"இதமாவா? நானா?" என்றான் அறிவரசன்.

"எங்கிட்ட எப்பவாவது பேசுவீங்களே, அந்த மாரி பேசுங்க."

வெளிச்சத்தம் விழக்கூடாதாம். ஓய்வு நாளில் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, அனுப்பியிருந்த வரிகளை வாசித்தான். முதல் பக்கம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அவன் குரலே அவனைச் சொக்க வைத்துவிட்டது. பாவம், பதினோரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? "மூச்சை உள்ளே இழு... இன்னும் உள்ளே போ... பின்னால் இடம் இருக்கிறது... படியில் நிற்காதே, மனமே... இறங்க வேண்டியவர்கள் முன்னாலேயே எழுந்து வாருங்கள்..." என்று போய், "ரைட், போலாம்" என்று முடித்தான். திருப்பிக் கேட்காமலே மலர்க்கொடி அனுப்பியும் விட்டாள்.

கேட்டவர்கள் உருகிவிட்டார்கள். 'படியில் நிற்காதே' என்ற ஒரு வரியில் தன் வாழ்க்கையே இருப்பதாக ஒருவர் எழுதினார். மரணத்தைப் பற்றி இத்தனை மென்மையாக யாரும் சொன்னதில்லை என்று இன்னொருவர் எழுதினார். இதே போல் இன்னும் பத்து வேண்டும் என்று ஆப்காரர்கள் கேட்டார்கள்.

அறிவரசனுக்கோ முதலாளியை நினைத்தால் பயம். முதலாளி குழந்தைவேல், தன்னிடம் வேலை பார்ப்பவன் வேறு எங்கும் கை நீட்டக்கூடாது என்பவர். வாட்ஸ்அப்பில் முந்திரி விற்ற உடையார்பாளையம் டிரைவரைப் போன வருடம்தான் வீட்டுக்கு அனுப்பினார். தோளில் தொங்கும் அந்தத் தோல்பை போய்விட்டால் அறிவரசன் பாதி ஆள்தான். அந்த வேலை அவனுக்கு அத்தனை பிடிக்கும். அதனால் யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தான்.

ஆனால் பீரோவுக்குள் பேசிய குரல் பீரோவுக்குள் நிற்கவில்லை. ஒரு மத்தியானம் பஸ்ஸில், "கீழப்பழுவூர்... மெல்ல... மெல்ல..." என்று அவன் வாயிலிருந்து வழிந்தது. பஸ்ஸே தூங்கியது. கீழப்பழுவூரில் தங்கை மகள் வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்த உண்ணாமலை என்ற அம்மாள், மடியில் வளையல் பெட்டியோடு திருமானூரில் கண் விழித்தார்.

மறுநாள் அவர் பெரம்பலூர் ஆபீஸில், முதலாளிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அறிவரசன் கைகட்டி நின்றான்.

"அவ கையில ஏற வேண்டிய வளையலு எம்மடியிலயே கெடந்துச்சுங்க! ஊரு வந்துருச்சுன்னு கத்துனா எறங்க மாட்டனா? இந்தத் தம்பி தாலாட்டுல்ல பாடுது!"

"பைய எறக்கி வையிடா," என்றார் குழந்தைவேல். பை மேசைக்குப் போனது. அவர் தன் போனை எடுத்து அழுத்தினார். "ரைட், போலாம்" என்றது போன்.

"இதக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது. இது யாரு கொரலுன்னு ஒரு மாசமா மண்டைய ஒடச்சிக்கிட்டு இருந்தேன். இந்தம்மா தாலாட்டுன்னதுந்தான் புரிஞ்சுது. ரெண்டு வேலையாடா பாக்குற?"

"மொதலாளி... கோவப்படாதீங்க..." பயத்தில் அறிவரசனின் குரல் மெலிந்து, குழைந்து, பீரோக் குரலாகவே ஆகிவிட்டது. "மெல்ல... மூச்ச மெல்ல இழுங்க... நான் வேணுமுன்னு செய்யல..."

முதலாளியின் இமை இறங்கியது. தலை பையின் மேல் சாய்ந்தது. உண்ணாமலையும் நாற்காலியில் சரிந்து குறட்டை விட்டார்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். ஒன்று நாற்பது வண்டி கிளம்பும் நேரம். பையை உருவினாலும் வேலை போகும், உருவாமல் நின்றாலும் போகும். அழுகையே வந்துவிட்டது அறிவரசனுக்கு. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"கீழப்பழுவூரு எறங்கு! எறங்கு எறங்கு எறங்கு!"

உண்ணாமலை மேசைமேல் இருந்த டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். முதலாளி பதறி எழுந்து, சட்டைப் பையில் கைவிட்டு, "திருமானூரு ஒண்ணு" என்றார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் உண்ணாமலை. அது முதலாளியின் டிபன் கேரியர்.

குழந்தைவேல் பையை அறிவரசனின் நெஞ்சில் வைத்து அழுத்தினார். "பஸ்ஸுக்கு இந்தக் கொரலு. எனக்கு அந்தக் கொரலு. மாத்திப் போட்ட, தொலச்சுப்புடுவேன். ஓடு."

பையை மாட்டியதும் உயிர் திரும்பியது. வாசல் தாண்டப் போனவனை அவர் நிறுத்தினார்.

"டேய், 'பின்னாடி எடம் இருக்கு'ன்னு ஒண்ணு சொல்லுவியே. அதக் கேட்டா எனக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். அதுக்கு என்னடா அர்த்தம்?"

அறிவரசன் யோசித்துப் பார்த்தான்.

"பின்னாடி எடம் இருக்குங்க, மொதலாளி."

"அடேயப்பா," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.