பாதிப் பங்கு

போர்த்தோபிரான்ஸ் நகரில் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்த கிளெர்மீஸின் ஒற்றை அறையில், 1996-ல், இரண்டு நோயாளிகள். ஒருத்தி அவள், இன்னொருத்தி தங்கை ஒதானி. இருவருக்கும் எச்.ஐ.வி.

ஆஸ்பத்திரியில் புது மாத்திரைச் சோதனைக்கு ஆள் எடுத்தபோது அக்காவுக்கு இடம் கிடைத்தது. தங்கைக்குக் காசநோயும் சேர்ந்திருந்ததால் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். நோய் முற்றியவளுக்கு மருந்து கிடையாதாம். என்ன நியாயமோ!

"கிருமிகிட்ட ஒரு நொதி இருக்கு, புரோட்டியேஸ்னு பேரு. அது கத்தரி மாதிரி வெட்டிக் குடுத்தாத்தான் புதுக் கிருமி தேறும். இந்த மாத்திரை அந்தக் கத்தரியை மடக்கிடும்" என்றார் டாக்டர் மிரேய். "ஆனா வேளைக்கு ரெண்டு மாத்திரை, ரெண்டையும் நீங்களே முழுங்கணும். அரைகுறையாப் போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. கிருமி மருந்துக்குப் பழகிடும்."

கிளெர்மீஸ் நன்றாகத்தான் தலையாட்டினாள். ஆனால் அந்த வீட்டில் சோறும் பீன்ஸும் ஒரே தட்டில்தான். ஒருத்தி தின்ன மற்றவள் பார்த்துக்கொண்டிருந்த வழக்கமே இல்லை. சாயங்காலமே ஒரு மாத்திரையைத் தங்கையிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்குக்கா? டாக்டரம்மா திட்டப்போறாங்க."

"வாயைத் தொற. டாக்டரம்மாவா உன் கூடப் பொறந்தாங்க?"

மாதாமாதம் நர்ஸ் புட்டியில் மிச்ச மாத்திரைகளை எண்ணுவாள். கணக்கு அச்சுப் பிசகாது. "உங்களை மாதிரி ஒழுங்கா இங்க யாரும் சாப்பிடறதில்ல" என்று பாராட்டு வேறு. முதலில் இறங்கிய கிருமி, மூன்றாம் மாதம் ரத்தத்தில் மறுபடி ஏறத் தொடங்கியது.

நான்காம் மாதம் மிரேய் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். "ஒரு வேளைகூடத் தப்பாமப் போட்டும் ஏறுதே. அப்ப மருந்துலதான் கோளாறு. நான் அப்படி எழுதினா, சோதனையையே நிறுத்திடுவாங்க."

வெளியே பெஞ்சில் அதே மாத்திரைக்காக முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் ஒதானியின் பங்கு போகும். சொல்லாவிட்டால் அந்த முப்பது பேரின் மருந்தும் போகும். கிளெர்மீஸ் வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளைத் திட்ட வருகிறது. ஆனால் அந்த இடத்தில் நாம் மட்டும் என்ன கிழித்திருப்போம்?

இரண்டு வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில், அக்காவின் மடியிலேயே ஒதானியின் மூச்சு நின்றது. அடக்கம் முடிந்த மறுநாள் கிளெர்மீஸ் துக்கத்தின் கறுப்பு உடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"மருந்து மேல பழி போட்டு எழுதிடாதீங்க டாக்டரம்மா. பாதியை என் தங்கச்சிக்குக் குடுத்தேன்."

மிரேய் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. "இனிமே இது உங்களுக்கு வேலை செய்யாது. வேற மருந்து இப்ப எங்ககிட்ட இல்ல" என்றார்.

"தெரியும். மத்தவங்களுக்கு நிறுத்தமாட்டீங்கல்ல?"

"மாட்டோம்."

கிளெர்மீஸ் எழுந்தாள். கதவருகே போனவள் திரும்பி நின்றாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் குடுத்தது அவளுக்குக் கொஞ்சமாவது உதவிச்சா?"

மிரேய் நோயாளிகளிடம் பொய் பேசாதவர். "உதவிச்சு, கிளெர்மீஸ்" என்றார்.

அது பொய் என்று கிளெர்மீஸுக்குத் தெரியாமல் இல்லை.

"அப்ப அதையும் உங்க நோட்டுல எழுதிக்கோங்க" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.